போலார் ஸ்டார்: அணியம் தாங்கியது, பின்புறம் தடுமாறியது

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் போலார் ஸ்டார் 1976 ஜனவரியில் பணியில் சேர்ந்தது. முப்பது ஆண்டு உழைக்கும் என்ற கணக்கில் கட்டப்பட்ட கப்பல் அது. ஐம்பது ஆண்டு ஆன பிறகும், அமெரிக்காவிடம் ஓடும் நிலையில் இருக்கும் கனரகப் பனியுடைப்புக் கப்பல் அது ஒன்றுதான். அதன் பெரிய பழுதுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு பிடிபடும். பனியில் நேராக மோதும் முன்பக்கம், அதாவது அணியம், சிக்கல் கொடுக்கவில்லை. அந்த மோதலுக்கு விசை அனுப்பும் தொடரில்தான் திரும்பத் திரும்பக் கோளாறு வந்தது: டீசல், டர்பைன், மின்சுற்று, ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு), சீல் (நீர்த்தடுப்பு வளையம்), புரொப்பெல்லர். இதற்கு முதுமை ஒரு காரணம். வரைபடம் போட்ட நாளிலேயே எடுத்த ஒரு முடிவு இன்னொரு காரணம். அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அதன் விலை எங்கெங்கே கொடுக்கப்பட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

கப்பலுக்கு இட்ட வேலை

அண்டார்டிகாவில் அமெரிக்காவின் முதன்மை ஆய்வு நிலையமான மக்மர்டோ, ராஸ் தீவின் தென்முனையில் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் முன்னுள்ள கடல் கரையோடு சேர்ந்து உறைந்துவிடும். மிதந்து அலையும் பாளங்கள் என்றால் நடுவே இடுக்கு பார்த்து நுழையலாம். கரையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் இந்தப் பனியில் இடுக்கே கிடையாது. வழியை வெட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் பனியுடைப்புக் கப்பல் முதலில் வந்து வாய்க்கால் வெட்டும். பின்னால் எரிபொருள் கப்பலும் சரக்குக் கப்பலும் வரும். நிலையத்தின் ஓராண்டு எரிபொருளில் பெரும்பகுதியும் உணவும் உதிரிப் பாகங்களும் இந்த வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். தென்துருவ நிலையத்துக்குப் போகும் பொருளும் இதே வழிதான். 2018-19 பருவத்தில் வெட்ட வேண்டியிருந்தது 16.5 கடல் மைல்; பனியின் கனம் 6 முதல் 10 அடி. அந்த வாய்க்கால் வழியாக ஏறத்தாழ 500 கொள்கலன்கள் இறங்கின.

ஒரு தடவை வெட்டினால் வேலை முடிந்துவிடாது. உடைந்த துண்டுகள் வாய்க்காலிலேயே மிதக்கும். தெற்குக் காற்று அடித்தால் அவை திறந்த கடலுக்குப் போகும். காற்று ஓய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி உறையும். அதனால் கப்பல் அதே தடத்தில் பலமுறை போய்வந்து துண்டுகளை நொறுக்க வேண்டும், தடத்தை அகலப்படுத்த வேண்டும், துறைக்கு முன்னால் சரக்குக் கப்பல் திரும்ப வட்டம் வெட்ட வேண்டும். பனியுடைப்பு என்றதும் எல்லோர் மனத்திலும் முதல் மோதல்தான் வரும். புரொப்பெல்லரைத் தேய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டம். உடைந்த பனிக்கூழில் மணிக்கணக்காக இதழ்கள் சுழலும்போது ஒவ்வொரு துண்டும் ஒரு அடி.

எங்கிருந்து வந்தது இந்த வடிவம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா கட்டிய விண்ட் வகைப் பனியுடைப்புக் கப்பல்கள் ஏழு. நீளம் 269 அடி. பின்புற ஷாஃப்ட்டுகளில் சுமார் 10,000 குதிரைத்திறன். 1955இல் வந்த கிளேஷியர் 21,000 குதிரைத்திறன் கொண்டது. எல்லாமே டீசல்-மின் இயக்கம். 1960களின் முடிவில் விண்ட் கப்பல்கள் தேய்ந்திருந்தன. 1968இல் அலாஸ்காவின் புருடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மான்ஹாட்டன் என்ற எண்ணெய்க் கப்பல், கனடாவின் வடக்கே ஆர்க்டிக் தீவுகள் ஊடாகச் செல்லும் வடமேற்குக் கடல்வழியைச் சோதித்துப் பார்த்தது. ஆர்க்டிக்கில் பலம் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுத்திருந்தது. சியாட்டிலில் லாக்ஹீட் கப்பல் கட்டும் தளத்தில் 1972இல் அடிக்கட்டை போடப்பட்டு, 1973 நவம்பர் 17 அன்று போலார் ஸ்டார் நீரில் இறங்கியது. அதன் தங்கைக் கப்பல் போலார் சீ அடுத்து வந்தது.

நீளம் 399 அடி (122 மீட்டர்), அகலம் 83.5 அடி, நீர்மூழ்கு ஆழம் 31 அடி, முழுச் சுமையில் எடை 13,000 டன்னுக்கு மேல். 6 அடி கனப் பனியை 3 நாட் (மணிக்குச் சுமார் 5.5 கிலோமீட்டர்) வேகத்தில் நிற்காமல் உடைத்துப் போகும். பின்வாங்கி மோதினால் 21 அடி வரை உடைக்கும். இரட்டைக் கப்பல்களின் இந்த எண்கள் இன்றைக்கும் பெரியவை.

அணியமும் உடற்கூடும்

கடற்பனியை நெருக்கிப் பிளப்பது கடினம். வளைத்து முறிப்பது எளிது. எல்லாப் பனியுடைப்புக் கப்பல்களின் அடிப்படையும் இந்த ஒரு பண்புதான். அணியம் கூராக நின்று குத்தாது. சாய்ந்து, பனிமேல் ஏறி, எடையைக் கீழே இறக்கும். தாங்க முடியாமல் பனி வளைந்து முறியும். முறிந்த துண்டைக் கீழே அமுக்கிப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது அடியோடு உருண்டு புரொப்பெல்லருக்குப் போகும். இந்த மூன்று வேலைக்கும், அதாவது முறிப்பது, அமுக்குவது, உரசித் தள்ளுவதற்கும், தனித்தனியே விசை செலவாகிறது. பனிமேல் புதுவெண்பனி கிடந்தால் உரசல் வெகுவாகக் கூடும். அதனால்தான் ஒரே கனப் பனியில் ஒருநாள் எளிதாகப் போன கப்பல் மறுநாள் திணறும்.

போலார் ஸ்டாரின் அணியத்திலும் நடுப்பகுதியிலும் எஃகுத் தகடு 44.5 மில்லிமீட்டர், பின்பகுதியில் 32. உள்ளே விலாச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. சாதாரணச் சரக்குக் கப்பலில் இவ்வளவு நெருக்கமாக வராது. சாதாரண எஃகு கடுங்குளிரில் நெகிழ்ச்சி இழந்து கண்ணாடிபோல் உடையும் என்பதால், மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பனிமேல் ஏறிய கப்பல் சில சமயம் அங்கேயே உட்கார்ந்துவிடும். முழு விசையில் பின்னோக்கி இழுத்தாலும் வராது, ஏனென்றால் அணியத்தின் இரு பக்கமும் பனி கவ்விப் பிடித்திருக்கும். இதற்காக இரு பக்கமும் மூன்று ஜோடித் தொட்டிகள் இருக்கின்றன. பம்புகள் 35,000 கேலன், அதாவது சுமார் 1,32,000 லிட்டர் நீரை 50 வினாடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளும். கப்பல் இடமும் வலமும் ஆட, பிடி விடும்.

இந்த உருண்ட வடிவத்துக்கு ஒரு விலை உண்டு. பனியில் சிக்காமல் இருக்க, ஆட்டத்தைக் குறைக்கும் பக்கத் துடுப்புகள் அடியில் கிடையாது. சியாட்டிலிலிருந்து அண்டார்டிகாவுக்கு 11,200 மைல். அதில் தென்பெருங்கடலைக் கடக்கும் நாட்களில் கப்பல் கடுமையாக உருளும். ஆட்களுக்கு மட்டுமல்ல, இயந்திர அறையில் இறுக்கிக் கட்டாத எதற்கும் அது சோதனைதான்.

ஒரு முடிவும் அது இழுத்துவந்த மற்ற முடிவுகளும்

இனி இயந்திரங்கள். கப்பலின் குணமும் குறையும் இங்கேதான் தீர்மானமாயின.

வடிவமைப்பாளர்களுக்கு இரண்டு தேவைகள். முதலாவது, அண்டார்டிகா வரை போய்வரும் தூரம். அதற்குச் சிக்கனமான டீசல் வேண்டும். இரண்டாவது, தடித்த பனியில் சில மணி நேரத்துக்கு மட்டும் பெருவிசை. அந்தப் பெருவிசையை டீசலில் கொடுத்தால் எடையும் இடமும் கட்டுக்கடங்காது. எனவே இரண்டையும் வைத்தார்கள். ஆறு ஆல்கோ 16வி-251எஃப் டீசல்கள், ஒவ்வொன்றும் 3,000 குதிரைத்திறன், மொத்தம் 18,000. கூடவே மூன்று பிராட் அண்ட் விட்னி எஃப்டி4 கேஸ் டர்பைன்கள். தொடர்ந்து ஓடினால் மொத்தம் 60,000 குதிரைத்திறன், உச்சத்தில் 75,000.

இந்த டீசல் குடும்பம் தமிழ்நாட்டு ரயில்வே ஊழியர்களுக்குப் பழக்கமானது. ஈரோடு, பொன்மலை பணிமனைகளில் பல பத்தாண்டு ஓடிய டபிள்யூடிஎம்-2 எஞ்சின்களில் இருந்ததும் ஆல்கோ 251 வகைப் பதினாறு சிலிண்டர் டீசல்தான். டர்பைனோ விமான எஞ்சின் வழி வந்தது. போயிங் 707இன் ஒரு வகையிலும் டிசி-8இலும் பறந்த ஜேடி4 எஞ்சினைக் கப்பலுக்கு மாற்றியதே எஃப்டி4.

மூன்று ஷாஃப்ட்டுகள். ஒவ்வொன்றையும் ஒன்று டீசல்-மின் வழியில் சுழற்றலாம், அல்லது கியர்பாக்ஸ் மூலம் டர்பைனோடு இணைக்கலாம். ஒரே ஷாஃப்ட்டில் இரண்டும் சேர்ந்து ஓடாது. டீசல் வழியில் ஆல்டர்னேட்டர் மாற்று மின்சாரம் தரும், ரெக்டிஃபயர் அதை நேர்மின்சாரமாக்கும், நேர்மின் மோட்டார் ஷாஃப்ட்டைச் சுழற்றும். ஓரத்து ஷாஃப்ட்டுகளை டீசலிலும் நடுவிலுள்ளதை டர்பைனிலும் ஓட்டுவது போன்ற கலப்பு முறைகளும் உண்டு.

பனியில் மின்மோட்டாருக்கு இணை கிடையாது. இதழில் பனிக்கட்டி சிக்கி ஷாஃப்ட் நின்றேபோனாலும், நின்ற நிலையில் முழு முறுக்குவிசையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். டீசல் தன்பாட்டுக்கு ஓடும். திசையை மாற்ற வேண்டுமென்றால் மின்னோட்டத்தைத் திருப்பினால் போதும்.

கேஸ் டர்பைனைத் திருப்ப முடியாது. அது ஒரு பக்கம் மட்டுமே சுழலும். ஆனால் பின்வாங்கி மோதுவது என்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற வேண்டும். ஷாஃப்ட் திசை மாறாவிட்டால் புரொப்பெல்லர் மாற வேண்டும். அதாவது இதழின் சாய்வைச் சுழற்சியின் நடுவிலேயே மாற்றும் புரொப்பெல்லர். 16 அடி விட்டம், நான்கு இதழ் கொண்ட அப்படிப்பட்ட மூன்று புரொப்பெல்லர்கள் பொருத்தப்பட்டன. முதல் கண்ணி டர்பைன். அதற்காக வந்தது சாய்வு மாறும் புரொப்பெல்லர். அதற்காக வந்தது நகரும் உறுப்புகள் நிறைந்த ஹப், அதாவது இதழ்களைப் பிடித்திருக்கும் நடுக்குடம்.

ஹப்பின் உள்ளே எண்ணெய் நிரம்பியிருக்கும். நீரியல் அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் முன்பின்னாக நகரும். அந்த நகர்வை இணைப்புக் கைகளும் கிராங்க் முளைகளும் இதழின் சுழற்சியாக மாற்றும். திறந்த கடலில் நன்றாக வேலை செய்யும் அமைப்பு இது. பனியில் வேறு கதை. இதழின் ஓரத்தில் பனிக்கட்டி மோதினால் இதழ் வளைவதோடு நிற்காது. தன் அச்சில் திருகவும் பார்க்கும். அந்தத் திருகல் முழுவதையும் ஹப்புக்குள் இருக்கும் சிறிய முளையும் கையும்தான் தாங்க வேண்டும். முன்னோக்கிலிருந்து பின்னோக்குக்குப் போகும்போது சாய்வு சுழியத்தைக் கடக்கும். அந்த நொடிகளில் நான்கு இதழ்களும் தட்டையாக நிற்கும். உள்ளே வரும் பனி, விளிம்பில் வெட்டுப்படாமல் இதழின் முகத்தில் அறையும். மோதிப் பின்வாங்கும் ஒவ்வொரு சுற்றிலும் கப்பல் இந்தக் கட்டத்தைக் கடந்தாக வேண்டும். ஒரு பருவத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால் ஹப் படும் பாடு புரியும்.

இதைக் கண்மூடித்தனமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. 1967 முதல் வந்த ஹாமில்டன் வகைக் காவல்கப்பல்களில் இதே எஃப்டி4 டர்பைனையும் சாய்வு மாறும் புரொப்பெல்லரையும் கடலோரக் காவல்படை ஓட்டிக்கொண்டிருந்தது. கையில் அனுபவம் இருந்தது. ஆனால் அது திறந்த கடல் அனுபவம். பனி இதழுக்குக் கொடுக்கும் திருகலை அது சொல்லித்தரவில்லை. இரட்டைக் கப்பல்களின் முதல் ஆண்டுகளிலேயே பனியில் ஹப் பழுதுகள் வந்து, திருத்த வேலைகளுக்குக் காலம் போனது. 1994 ஆகஸ்ட் 22 அன்று போலார் சீயும் கனடாவின் லூயி எஸ். செயின்ட் லோரன்ட்டும் வடதுருவத்தை அடைந்தன. அந்தப் பயணத்திலும் போலார் சீ ஒரு புரொப்பெல்லர் இதழைப் பறிகொடுத்தது.

அதே காலத்தில் சோவியத் ஒன்றியம் என்ன செய்தது என்று பார்ப்பது பயனுள்ளது. 1975இல் வந்த ஆர்க்டிகாவிலும் மூன்று ஷாஃப்ட்டுகள், 75,000 குதிரைத்திறன். அணுஉலை நீராவி தரும், நீராவி டர்பைன் மின்சாரம் தரும், மோட்டார் ஷாஃப்ட்டைச் சுழற்றும். டர்பைனுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே மின்சாரம் நின்றதால் திசை மாற்றுவது மோட்டாரின் பொறுப்பு. புரொப்பெல்லர் அசையாத இதழுள்ள எளிய வகை. 1977 ஆகஸ்ட் 17 அன்று வடதுருவத்தை எட்டிய முதல் மேற்பரப்புக் கப்பல் அதுதான். டர்பைனின் விசையையும் மின்சாரமாக்கி அனுப்பியிருந்தால் அமெரிக்கர்களுக்கும் இந்த ஹப் தேவைப்பட்டிருக்காது. அன்றைய மின்கருவிகளில் 60,000 குதிரைத்திறனை அப்படி அனுப்ப, இந்த அளவுக் கப்பலில் எடையும் இடமும் பெரிய தடையாகியிருக்கும். ஆர்க்டிகா ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமான கப்பல். என் மதிப்பீட்டில் இரட்டைக் கப்பல்களின் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சமரசத்திலிருந்து கிளைத்தவை.

அசையாத இதழ் வைத்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று நினைக்கவும் கூடாது. 2006 ஜனவரியில் மக்மர்டோ வாய்க்காலை வெட்ட வாடகைக்கு வந்த ரஷ்யக் கப்பல் கிராசினும் ஒரு இதழை முறித்துக்கொண்டது. துணைக்கு அனுப்பப்பட்டது போலார் ஸ்டார்தான். முறிந்தது இதழ் மட்டும் என்றால் சேதம் அந்த இதழோடு நிற்கும். சாய்வு மாறும் ஹப்பில் உள்ளுறுப்பு ஒன்று பிசகினால் அந்த ஷாஃப்ட்டே முடங்கும், எண்ணெயும் கடலில் கசியும்.

பனியில் ஓட்டும் முறை

மோதுவதற்கு முன் கப்பல் தான் வெட்டிய தடத்திலேயே ஒன்றிரண்டு கப்பல் நீளம் பின்வாங்கும். பின்வாங்கும்போது சுக்கான் நடுவில் நேராக நிற்க வேண்டும். பக்கம் திரும்பியிருந்தால் பின்னாலுள்ள பனி அதைப் பிடித்து மேலும் திருப்பி, தண்டையே முறுக்கிவிடும். போலார் ஸ்டாருக்குச் சுக்கான் ஒன்றுதான். அது போனால் மாற்று இல்லை. புரொப்பெல்லர்கள் எப்போதும் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சுழலும் இதழ் பனியை வெட்டும், நீரோட்டத்தால் தள்ளும். நின்ற இதழ் வளையும். முன்னோக்கி வேகம் பிடித்து ஏறியதும், கப்பல் முழுக்க நின்றுபோகும் வரை காத்திருக்காமல் பின்னோக்கிக்கு மாறுவதே நல்ல பழக்கம். முழுக்க நின்றால் பிடி இறுகும், பிறகு தொட்டி நீரை ஆட்டி விடுவிக்க வேண்டிவரும்.

டர்பைனை எப்போது எழுப்புவது என்பது தலைமைப் பொறியாளரும் மேல்தளமும் சேர்ந்து எடுக்கும் முடிவு. முதலாண்டுப் பனிக்கு டீசல் போதும். பல கோடைகளைத் தாண்டி உப்பு வடிந்து இறுகிய பழம்பனி வந்தால் டர்பைன் தேவை. எரிபொருள் செலவு மட்டும் இங்கே கணக்கில்லை. டர்பைன் விசையில் பனி இதழைத் தாக்கும்போது அதிர்ச்சி கியர்ப் பற்கள் வரை போகும். மோட்டார் ஓட்டும்போது இருக்கும் மென்மை இல்லை.

பழுதுகளின் வரிசை

2000 மார்ச்சில் ராஸ் பனியடுக்கிலிருந்து பி-15 என்ற மாபெரும் பனிமலை பிரிந்தது. அதன் துண்டுகள் ராஸ் தீவுக்கு அருகே நின்று, பனி வெளியேறும் வழியை ஆண்டுக்கணக்கில் அடைத்தன. வழக்கமாகக் கலைந்துபோகும் பனி பழம்பனியாகி, வெட்ட வேண்டிய தூரமும் பல மடங்கு நீண்டது. இரட்டைக் கப்பல்கள் தங்கள் முதிர்ந்த வயதில் வாழ்நாளின் கடினமான பருவங்களைச் சந்தித்தது இப்படித்தான்.

2006இல், கணக்கிட்ட முப்பது ஆண்டு முடிந்தபோது, போலார் ஸ்டார் சியாட்டில் துறையில் கட்டி நிறுத்தப்பட்டது. 34 பேர் கொண்ட பராமரிப்புக் குழு மட்டும் மிஞ்சியது. பனியுடைப்பு வேலை ஸ்வீடனின் ஓடன், பிறகு ரஷ்யாவின் விளாதிமிர் இக்னத்யுக் என்று வாடகைக் கப்பல்களுக்குப் போனது. 2011இல் ஸ்வீடன் தன் சொந்தத் தேவைக்காக ஓடனைத் தர மறுத்தபோது, வாடகையை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது.

இடையில் போலார் சீ விழுந்தது. 2010இல் ஆய்வு செய்தபோது 33 சிலிண்டர் தொகுதிகளில் அளவுக்கு மீறிய தேய்மானம். ஆறு டீசல்களில் ஐந்து பயனற்றுப் போயின. மொத்தம் 96 சிலிண்டர்களில் மூன்றில் ஒரு பங்கு என்றால், அதை ஒரு எஞ்சினின் துரதிருஷ்டமாகப் பார்க்க முடியாது. எல்லா எஞ்சினுக்கும் பொதுவான ஒரு காரணத்தைத் தேட வேண்டிய அளவு அது. 2011 அக்டோபரில் கப்பல் பணியிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்பின் அது மூத்த கப்பலுக்கு உதிரிபாகக் கிடங்காகிவிட்டது. தயாரிப்பே நின்றுபோன பாகங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கழற்றிப் போடும் பாகமும் அதே வயதுடையது, அதே பனியில் உழைத்தது. அதைப் பொருத்துவதால் அவசரம் தீரும்; தேய்மானக் கடிகாரம் திரும்பிப் போகாது.

சுமார் 9 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2012 டிசம்பரில் போலார் ஸ்டார் மறுபடி பணிக்கு வந்தது. திரும்பியதும் நன்றாகவே உழைத்தது. 2015 பிப்ரவரியில் அண்டார்டிக் சீஃப்டன் என்ற மீன்பிடிக் கப்பலை 26 பேரோடு பனியிலிருந்து மீட்டது. அந்தக் கப்பல் சிக்கியதும் பின்புறத்தால்தான்: நான்கு புரொப்பெல்லர் இதழ்களில் மூன்று சேதம்.

2018 ஜனவரி 11 அன்று முதன்மை டர்பைன்களில் ஒன்று நின்றது. டர்பைனின் இரும்பில் குறையில்லை. எஞ்சினின் நிரலுக்கும் 1970களின் மின்சுற்றுக்கும் இடையே ஒத்துப்போகவில்லை. பழைய கப்பலைத் துண்டுதுண்டாகப் புதுப்பிக்கும் எவரும் இந்த இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி தனியே சரியாக இருக்கும், பழைய மின்சுற்றும் தனியே சரியாக இருக்கும், கோளாறு இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிறக்கும். ஐந்து நாள் கழித்து, ஜனவரி 16 அன்று, ஷாஃப்ட் சீல் பழுதாகி இயந்திர அறைக்குள் நிமிடத்துக்கு 20 கேலன், ஏறத்தாழ 75 லிட்டர் கடல்நீர் புகுந்தது. அவசரச் சீலை இறுக்கி, பம்பு வைத்து நீரை வெளியேற்றினார்கள்.

ஷாஃப்ட் உடற்கூட்டைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் நீரைத் தடுப்பது அந்த சீல். திறந்த கடலில் அதன் வேலை சுழலும் ஷாஃப்ட்டோடு உரசித் தாங்குவது மட்டும். பனியில் இதழ் ஒவ்வொரு அடி வாங்கும்போதும் ஷாஃப்ட் பக்கவாட்டிலும் நீளவாட்டிலும் உதறும். தாங்கிகள் தேய்ந்திருந்தால் உதறலின் வீச்சு கூடும், சீலின் விளிம்பு கிழியும். அதனால் புது சீல் மட்டும் போட்டால் போதாது. கப்பலை நீருக்கு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் அடுத்த உலர்துறையில் தாங்கியின் இடைவெளியையும் ஷாஃப்ட்டின் நேர்கோட்டையும் அளந்தாக வேண்டும்.

மறு ஆண்டே அது திரும்ப நடந்தது. 2019 ஜனவரியில் பனி வெட்டிக்கொண்டிருந்தபோது நடு ஷாஃப்ட்டின் சீல் கசிந்தது. வேலையை நிறுத்தி, முக்குளிப்பவர்கள் உறைநீரில் இறங்கி வெளிப்புறத்தில் ஒட்டுப் போட்டார்கள். உள்ளேயிருந்து சீலைச் சரிசெய்ய அப்போதுதான் முடிந்தது. முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்கு அமெரிக்கக் கடற்படையிடம் இரவல் வாங்கிய அழுத்தக் கலம் கப்பலிலேயே இருந்தது. அருகில் உலர்துறையே இல்லாத இடத்துக்குப் போகும் கப்பலுக்கு இது கட்டாயத் தளவாடம் என்றே சொல்வேன். அதே பயணத்தில் மின்பலகை ஒன்று புகைந்து வயரிங் கருகியது. நன்னீர் தயாரிக்கும் இரண்டு கருவிகளில் ஒன்று நின்றது. கப்பல் முழுக்க மின்சாரம் போய், இயந்திரத் தொகுதியை அணைத்து மறுபடி எழுப்ப ஒன்பது மணி நேரம் ஆனது. பிப்ரவரி 10 அன்று, மக்மர்டோவுக்கு வடக்கே 650 மைலில், குப்பை எரிக்கும் அறையில் தீப்பிடித்தது. அணைக்க இரண்டு மணி நேரம். நான்கு தீயணைப்பான்கள் வேலை செய்யவில்லை.

இந்த வரிசையில் தீயணைப்பான்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. சீல் கிழிவதும் மின்பலகை புகைவதும் வயதின் குறி. தீயணைப்பான் புதிதாகவே வாங்கிவைக்கக்கூடிய பொருள். ஒரே கப்பலை ஆண்டுதோறும் அண்டார்டிகாவுக்கும் உலர்துறைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால், பெரிய பழுதுகளே ஆட்களின் நேரத்தை விழுங்கிவிடும். சிறிய பரிசோதனைகள் பின்தங்கும். அந்தச் சுமை ஆட்கள்மேல் விழுந்தது என்பதை மறக்கக் கூடாது.

தள்ளிப்போட்ட மாற்று

2021 முதல் 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் பயணப் பருவம் முடிந்த பிறகு கப்பல் கலிஃபோர்னியாவின் வல்லேஹோவுக்குப் போனது. சுமார் 7.5 கோடி டாலரில் ஐந்து கட்டமாக ஆயுள் நீட்டிப்பு வேலை நடந்தது. உந்துவிசை, இயந்திரக் கட்டுப்பாடு, தகவல் தொடர்பு அமைப்புகள் பகுதி பகுதியாக மாற்றப்பட்டன. ஐந்தாகப் பிரித்ததற்குக் காரணம் எளிது: ஒரே தடவையில் செய்தால் அந்த ஜனவரியில் மக்மர்டோவுக்குப் போக வேறு கப்பல் இல்லை.

மாற்றுக் கப்பலின் ஒப்பந்தம் 2019 ஏப்ரலில் மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலுள்ள தளத்துக்குக் கிடைத்தது, 74.59 கோடி டாலர். முதல் கப்பல் 2024இல் வர வேண்டியது, 2030 வாக்கில் என்று தள்ளிப்போயிருக்கிறது. தளமும் 2022இல் கைமாறியது. அமெரிக்காவில் கடைசியாகக் கனரகப் பனியுடைப்புக் கப்பல் கட்டிய கைகள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. தடித்த எஃகை வளைக்கவும் பற்றவைக்கவும் புதிதாக ஆட்களைப் பழக்க வேண்டியிருந்தது.

புதிய கப்பலின் வரைபடத்தில் போலார் ஸ்டாரின் பாடங்கள் தெரிகின்றன. நீளம் 460 அடி, 45,200 குதிரைத்திறன், முழுக்க டீசல்-மின் இயக்கம். கேஸ் டர்பைன் கிடையாது. நடுவில் அசையாத இதழுள்ள ஒரு புரொப்பெல்லர், இரு பக்கமும் முழுவட்டம் திரும்பக்கூடிய, புரொப்பெல்லரோடு கூடிய இரண்டு உந்துகலன்கள். 2000இல் வந்த நடுத்தரக் கப்பல் ஹீலியே இந்தத் திசையைத் தொடங்கிவிட்டது: டீசல்-மின் இயக்கம், இரண்டு அசையாத இதழ்ப் புரொப்பெல்லர்கள், 30,000 குதிரைத்திறன். புதிய கப்பலின் மொத்த விசை போலார் ஸ்டாரைவிடக் குறைவுதான். ஆனால் போலார் ஸ்டாரின் அந்த 60,000 குதிரைத்திறன் டர்பைன் ஓடும் நேரத்தில் மட்டும் கிடைத்தது. புதிய கப்பலிலோ விசை முழுவதும் எந்நேரமும் மோட்டாரில் இருக்கும், நின்ற ஷாஃப்ட்டிலும் முறுக்குவிசை கிடைக்கும்.

திரும்பும் உந்துகலனுக்கும் சோதனை காத்திருக்கிறது. அதன் தாங்கிகளும் சீல்களும் பனியின் நடுவே தொங்கும் கலத்துக்குள் இருக்கின்றன. உலர்துறை இல்லாமல் கைவைப்பது கடினம். பின்லாந்திலும் ரஷ்யாவிலும் பால்டிக், ஆர்க்டிக் பனியில் இவ்வகைக்கு நீண்ட அனுபவம் உண்டு. மக்மர்டோ வாய்க்காலின் பனிக்கூழில், அருகில் தளமே இல்லாத இடத்தில், முதல் சில பருவங்களுக்கு உதிரி சீல்களும் முக்குளிப்புக் குழுவும் அழுத்தக் கலமும் கப்பலோடு போக வேண்டும். முதல் புதிய கப்பல் வந்த உடனே போலார் ஸ்டாரை ஓய்வுபெற வைப்பதும் தவறாகும். இரண்டாவது புதிய கப்பல் பனியில் தன்னை நிரூபிக்கும் வரை பழையது கட்டுத்துறையில் எரிபொருளோடும் ஆட்களோடும் தயாராக நிற்க வேண்டும். பனியில் சிக்கிய பனியுடைப்புக் கப்பலை மீட்க இன்னொரு பனியுடைப்புக் கப்பல்தான் வர முடியும்.